இரண்டு மூன்றாவது கிராஸ்

விளக்கு அணைந்தது ஆடி மாதம்.
அன்றைக்கே புகார் எண் கிடைத்தது, பதினோரு இலக்கம்.
காஸ் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்து வைத்தேன்.
லிங்கராஜபுரத்தில், எங்கள் கிராஸில்,
கன்னடம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
மருந்துக்கடையில் பதினான்கு வருடம்
டாக்டர்களின் கையெழுத்தையே படித்தவள்.

கம்பத்து எண் என்ன என்று கேட்டது போன்.
போய்ப் பார்த்தேன்.
மூலத்துக்குச் சிகிச்சை, ஒரே ஊசி.
வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்.
ஒரு பட்டத்தின் வால்.
எண் இருந்த இடத்தில் துரு.
‘அமலோற்பவம் வீட்டுக்கு எதிரே’ என்று எழுதினேன்.
மாநகராட்சிக்கு அமலோற்பவத்தைத் தெரியாதே என்று
அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

ஆவணியில் அவளே குழியில் கால் விட்டாள்.
மாவுக்கட்டோடு வாசலில் நாற்காலி போட்டு
இருட்டில் வருகிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும்
“பாத்து, பாத்து” என்பாள்.
இரண்டு மாதம்
எங்கள் தெருவிளக்கு அந்தக் குரல்தான்.

இதற்கு நடுவில் ஒரு நாள்
யாரும் கேட்காமல் இரண்டு பேர் வந்து
சாக்கடையை வாரினார்கள்.
தேர்தலா என்று விசாரித்தோம். இல்லை.
வீட்டு வரியை ஏற்றப் போகிறார்களோ? அதுவும் இல்லை.
வாரிய சேற்றை அங்கேயே குவித்துவிட்டுப் போனார்கள்.
அப்போதுதான் நிம்மதி வந்தது,
நம்ம ஆட்கள்தான்.

புரட்டாசியில் செய்தி:
உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.
கூடவே போட்டோ, எரிகிற விளக்கு,
பால் மாதிரி வெள்ளை.
போனைப் பிடித்தபடி வாசலுக்கு ஓடினேன்.
தெரு முழுக்க ஒரே ஒரு வெளிச்சம்,
என் கையிலிருந்த அந்தப் படம்.

படத்தின் ஓரத்தில் பச்சை கேட்,
கோழிக்கடை, கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி.
ஞாயிற்றுக்கிழமை தேடிக்கொண்டு போனேன்.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
துணி தேய்க்கிறவரிடம் காட்டினால்
“இதா, மூன்றாவது கிராஸ்” என்றார்.
நானும் மூன்றாவது கிராஸ்தான் என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.

நாற்காலி அங்கேயே இருந்தது.
அதில் உட்கார்ந்து, பட்டப்பகலிலும் எரிகிற விளக்கின் கீழே,
பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள் நூருன்னிசா.
விளக்கா, நாங்க கேக்கவே இல்லையே என்றாள்,
பாதி உருது, பாதி கன்னடம்.
ஜன்னலுக்கு நேராக எரிகிறதாம்.
குழந்தைகள் தூங்குவதில்லையாம்.
“நான் கேட்டது சாக்கடைக்கு. மோந்து பாரு.”
மோந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை.
ஈரக் கையைத் துடைத்துத் தன் போனை நீட்டினாள்.

தீர்க்கப்பட்டது.
வாரிய சாக்கடை. குவித்த சேறு.
ஓரத்தில் கட்டுப்போட்ட ஒரு கால்,
ஆள் இல்லை, கால் மட்டும்.

அந்தக் காலை எனக்குத் தெரியும்.

சிரித்தோம். வெகுநேரம் சிரித்தோம்.
கோழிக்கடைக்காரர் கத்தியோடு எட்டிப் பார்த்தார்.
தீர்ந்த புகாரைத் திறக்க முடியாது,
வேறொன்று புதிதாகக் கொடு என்று
போகும்போது நான்தான் சொன்னேன்.
அந்த யோசனை என்னுடையது,
மறைக்கவில்லை.

ஐப்பசி. தூறல்.
பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஒருவன் வந்தான்.
தெருவே வாசலுக்கு வந்தது.
யாரோ காபி போடச் சொன்னார்கள்.
“இது மூன்றாவது கிராஸ்தானே, மேடம்?”
ஆமாம் என்றேன். பொய் இல்லை.
“விளக்கு கண்ணைக் குத்துகிறது,
அணைக்கணும் என்று புகார்.”
அண்ணாந்து பார்த்தான்.
கம்பத்தின் உச்சியில் இருட்டு,
ஒரு காகம்.
ஏணியை அவிழ்க்கவே இல்லை.
போனை உயர்த்தி ஒரு போட்டோ எடுத்தான்.

கட்டுப் பிரித்தும் அந்த நாற்காலியை விடாத அமலோற்பவம்
வண்டியைக் கிளப்பியவனிடம் சொன்னாள்:
“பாத்து, தம்பி,
குழி.”